கொள்கையும் சாட்சியும்

“அதெல்லாம் வெறும் கொள்கைதானே!”

பிரபஞ்சத்தின் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்தவர் கூட்டத்திலிருந்தே முதலில் எழும் மறுமொழி இதுதான். பட்டம் பெற்றவர் சொல்கிறார். பாடம் நடத்துகிறவர் சொல்கிறார். மேடையில் முழங்குகிறவரும் சொல்கிறார். இன்று ஒன்றைச் சொல்வார்கள், நாளை அதை மாற்றிச் சொல்வார்கள், ஆகவே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது இதன் உட்பொருள். கேட்பதற்கு இது அடக்கம் போலத் தோன்றும். உண்மையில் இது அறிவுச் சோம்பல். அதனினும் கொடியது, இந்தச் சோம்பலை நாம் இளைஞருக்கு முதுசொத்தாக எழுதி வைத்துக் கொண்டிருப்பது.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு வானத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. முதற் குழப்பமே தமிழ்ச் சொல்லில்தான் தொடங்குகிறது. ‘கொள்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது கொள்கை. ‘கோள்’ என்பதும், அதன்வழி வந்த கோட்பாடும் அந்த அடியிலிருந்தே கிளைத்தவை. ஒருவர் மனத்திற் கொண்டு, விடாது பற்றி நிற்பதே கொள்கை என்று நாம் பழகிவிட்டோம். கொள்கையை விட்டவன் நம் அரசியலில் துரோகி, ஒழுக்கத்தில் கோழை. அதே சொல்லை விஞ்ஞானத்திற்கும் வழங்கும்போது இரு பொருளும் மயங்கிப் போகின்றன. விஞ்ஞானி தன் கொள்கையை உலகின்முன் வைத்து, “இதற்கு எதிரான சாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள்” என்று அழைக்கிறான். எந்தச் சாட்சி வந்தால் தன் கொள்கை வீழும் என்பதையும் அவனே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். அப்படிச் சொல்ல இயலாத எதையும் விஞ்ஞானக் கொள்கை என்று மதிக்க வேண்டியதில்லை.

சாட்சியை விசாரிப்பது நமக்குப் புதிய கலையா? நோன்பையும் பெருநாளையும் தலைப்பிறை கொண்டு தீர்மானிக்கும் ஊர்கள் நம்முடையவை. அட்டாளைச்சேனைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பிறை தேடுகிறவர் கடலுக்கு முதுகு காட்டி, வயல்வெளிக்கு அப்பால் சூரியன் இறங்கிய திசையை நோக்குவர். ஒருவர் “கண்டேன்” என்றவுடன் பெருநாள் அறிவிக்கப்படுவதில்லை. எங்கே நின்று கண்டார், எத்தனை மணிக்குக் கண்டார், எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் கண்டார், உடன் கண்டவர் யார் என்றெல்லாம் துருவிக் கேட்கிறார்கள். சொல்கிறவர் செல்வரா ஏழையா என்பது அங்கே கேள்வியாவதில்லை. சாட்சி நம்பத்தக்கதா என்பதே கேள்வி. மாதந்தோறும் வானத்தின் சாட்சியை இவ்வளவு கவனமாக விசாரிக்கும் சமூகம், பிரபஞ்சம் என்றவுடன் “வெறும் கொள்கைதானே” என்று எழுந்து போவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அவமானம் அல்லவா?

இனி, அந்தச் சாட்சி எது என்று பார்ப்போம்.

வானத்திலிருந்து நமக்கு வரும் செய்தியெல்லாம் பெரும்பாலும் ஒளியே. அது ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. சூரியனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. அந்திரோமீடா என்னும் விண்மீன் மண்டலத்திலிருந்து வர ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆகையால் தொலைவைப் பார்ப்பது என்பது பழமையைப் பார்ப்பது. இன்று நம் கண்ணில் விழும் அந்திரோமீடாவின் ஒளி, மனித இனம் இன்றைய உருவை அடையுமுன்னரே அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. மண்ணுக்குள் புதைந்த ஏட்டைத் தோண்டி எடுத்துப் படிக்கிறோம். வானம் தன் பழைய ஏடுகளை இரவுதோறும் தானே விரித்துக் காட்டுகிறது.

அந்த அந்திரோமீடாவைச் ‘சிறு மேகம்’ என்று 964ஆம் ஆண்டளவில் தமது நட்சத்திர நூலில் குறித்து வைத்தவர், பாரசீகத்து வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி. பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியாலேயே நாம் காண்கிறோம் என்பதைச் சோதனைகளால் நிறுவி, கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்ற கிரேக்கக் கருத்தை மறுத்தவர் பஸ்றாவிற் பிறந்த இப்னுல் ஹைதம். தொலமியின் பெரும் புகழுக்கு அஞ்சாமல் அவர்மீது தமக்குள்ள ஐயங்களைத் தனி நூலாகவே எழுதியவர் அவர். இவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவோர் நம்மிடையே ஏராளம். இவர்களைப் போல ஐயப்பட எத்தனை பேர் துணிந்தோம்?

ஒளி தொலைவை மட்டும் சொல்வதில்லை. தான் பிறந்த இடத்தையும் சொல்கிறது. அடுப்பு நெருப்பில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகப் பளிச்சிடுவதை நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் கண்டிருக்கிறார்கள். உப்பிலுள்ள சோடியத்தின் கையொப்பம் அந்த மஞ்சள். ஒவ்வொரு மூலகத்திற்கும் நிறமாலையில் இப்படித் தனக்கே உரிய கோடுகள் உண்டு. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளியிலும் அதே மூலகங்களின் கோடுகள் அதே ஒழுங்கில் தென்படுகின்றன; ஆனால் கூட்டமாக ஒரு பக்கம் நகர்ந்து நிற்கின்றன. அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைபர் 1912இல் இத்தகைய நகர்வுகளை அளக்கத் தொடங்கினார். அந்திரோமீடா நம்மை நெருங்குகிறது எனக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் அளந்தவற்றுட் பெரும்பாலானவையோ சிவப்புப் பக்கம் நகர்ந்து, விலகிச் செல்வன என்று காட்டின.

விலகும் வேகம் கிடைத்தது. தொலைவை அளப்பது எவ்வாறு? அதற்கு வழி திறந்தவர், ஹார்வர்ட் வானாய்வகத்தில் குறைந்த கூலிக்குப் படத்தகடுகளை எண்ணிக் கொண்டிருந்த ஹென்ரியெற்றா லீவிற் என்னும் பெண்மணி. பிரகாசம் ஏறி இறங்கும் ஒருவகை நட்சத்திரங்களில், ஏறி இறங்கும் காலத்துக்கும் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்புண்டு என 1912இல் அவர் காட்டினார். அந்த அளவுகோலைக் கொண்டே எட்வின் ஹபிள் 1920களில் அந்திரோமீடா நமது பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று நிறுவினார். 1929இல், தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்ற உறவை வெளியிட்டார். பிரபஞ்சம் விரியக்கூடும் என்பதை ருசிய நாட்டு அலெக்சாந்தர் பிரீட்மன் 1922இலும், பெல்ஜியப் பாதிரியார் ஜோர்ஜ் லெமைத்தர் 1927இலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே முன்பே வருவித்திருந்தனர்.

“பார்த்தீர்களா, எல்லாம் முடிந்துவிட்டது!” என்று அன்று யாரும் கூத்தாடவில்லை. ஹபிளின் கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை என்று கதிரியக்க அளவீடு சொன்னது. மகள் தாயைவிட மூத்தவள் என்ற கதை! இந்த முரண்பாட்டை எவரும் மூடி மறைக்கவில்லை. 1952இல் வால்ற்றர் பாட, அந்த அளவுகோல் நட்சத்திரங்களில் இரு வகை உண்டு, அவற்றை ஒன்றாக எண்ணியதால் தொலைவுகள் குறைவாகக் கணிக்கப்பட்டன என்று காட்டினார். தொலைவு இருமடங்காயிற்று, வயதும் கூடிற்று. பின்வந்த திருத்தங்களோடு இன்று அது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகிறது. “மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்” என்ற ஏளனத்திற்கு விடை இங்கேயே இருக்கிறது. பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டு மாற்றினார்கள். மனம் போனபடி மாற்றுவதும் பிழை கண்டு திருத்துவதும் ஒன்றென்று சொல்கிறவர், மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் தகுதியை இழந்தவர்.

அந்த முரண்பாடு நிலவிய காலத்தில்தான், 1948இல், பொண்டி, கோல்ட், பிரெட் ஹொய்ல் ஆகியோர் எதிர்க்கொள்கை ஒன்றை முன்வைத்தனர். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் விரியும் இடத்தில் புதிய பொருள் சிறுகச் சிறுகத் தோன்றுவதால் அது எக்காலத்தும் ஒரே தோற்றமாகவே இருக்கிறது, அதற்குத் தொடக்கமும் இல்லை என்பது அவர்களின் வாதம். எதிர்த்தரப்பின் கொள்கைக்குப் ‘பெருவெடிப்பு’ என்ற பெயர் வந்ததே 1949இல் ஹொய்ல் நிகழ்த்திய வானொலிப் பேச்சிலிருந்துதான். ஹொய்லின் மாணவராகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, இக்கொள்கைக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் கோலாப்பூரிற் பிறந்த ஜயந்த் நர்லிகர். 2025 மே மாதத்தில் அவர் மறைந்தார்.

இந்த வழக்கின் முக்கியமான சாட்சிகளுள் ஒன்று தமிழ்நாட்டு மலைச்சரிவிலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஒரு வானொலித் தொலைநோக்கி எழுப்பப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் நமது மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட மக்களிற் பலர் குடியேறிய அதே நீலகிரி. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். அந்த இடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. ஏறத்தாழ அதே சரிவுள்ள ஒரு மலைப்பக்கத்தைத் தேடித் தெரிந்து, தொலைநோக்கியின் நெடுக்கு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி நிறுத்தினார்கள். ஆகவே அதனை அந்த ஒரே அச்சிற் சுழற்றியே வானப்பொருளொன்றைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்க முடிந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட இக்கருவி 1970இல் வேலையைத் தொடங்கியது. பணமிக்க நாடுகள் பெரும் பொருட்செலவில் தீர்த்துக்கொண்ட சிக்கலை, ஏழை நாடொன்று நிலத்தின் இயல்பை அறிந்து தீர்த்தது.

அங்கே அவர்கள் செய்த வேலையை நம் ஊரார் எளிதில் விளங்கிக் கொள்வர். ஏனெனில் அதற்கும் பிறைக்கும் உறவுண்டு. சந்திரன் தன் பாதையிற் செல்லும்போது தொலைதூர வானொலி மூலம் ஒன்றை மறைக்கிறது. அப்போது அதன் அலை எப்படித் தேய்ந்து மறைகிறது, எப்படி மீண்டும் தலைகாட்டுகிறது என்பதை நுணுக்கமாக அளந்தால், அந்த மூலத்தின் இடத்தையும் பருமனையும் கணிக்கலாம். இவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான மூலங்களை அவர்கள் அளந்தனர். பிரபஞ்சம் என்றும் ஒரே தோற்றமாயின், தொலைவிலுள்ளவையும் அருகிலுள்ளவையும் ஒரே இயல்பினவாக இருத்தல் வேண்டும். 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. மிக மங்கலான, அதாவது மிகத் தொலைவான, அதாவது மிகப் பழைய மூலங்கள் தோற்றத்தில் எதிர்பார்த்ததைவிடச் சிறியவையாக இருந்தன. பிரபஞ்சத்தின் இளமை வேறு, இன்றைய நிலை வேறு என்று உதகை சாட்சி சொன்னது.

இந்த ஒரு சாட்சியே வழக்கைத் தீர்த்துவிட்டது என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் செய்த வானொலி மூலக் கணக்கெடுப்பு 1961இலேயே மாறாநிலைக் கொள்கையை உலுக்கியது. 1965இல் பென்சியாசும் வில்சனும் வானமெங்கும் நிரம்பிய நுண்ணலையைக் கண்டறிந்தது பேரிடியாயிற்று. தனிச் சுழியத்துக்கு மேல் மூன்று பாகைக்கும் குறைந்த அந்த வெப்பம், பிரபஞ்சம் ஒரு காலத்தில் கொதித்து நெருங்கிக் கிடந்ததன் எச்சம். உதகையின் சாட்சி இவற்றோடு சேர்ந்து வலுவூட்டியது.

நான் சுட்ட விரும்புவது வேறொன்று. உதகைத் தொலைநோக்கியைக் கட்டியது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1972இல் நாடு திரும்பிய நர்லிகர் பேராசிரியராகச் சேர்ந்ததும் அதே நிறுவனமே. ஒரே கூரையின்கீழ் ஒருவர் கொள்கையை வளர்க்கிறார். மற்றவர் அதற்கு எதிரான சாட்சியை அளந்து வெளியிடுகிறார். அளந்தவர் வாய் மூடப்படவில்லை. கொள்கையாளர் விரட்டப்படவும் இல்லை. 1993இல் ஹொய்லோடும் ஜெப்ரி பேர்பிட்ஜோடும் சேர்ந்து நர்லிகர் தம் கொள்கையைத் திருத்தி மீண்டும் முன்வைத்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை, ஆயினும் வாதம் எண்களில் நடந்தது. கருத்து மாறுபட்டவனை ஊர்ப் பகைவனாக்கும் நமது சங்கங்களும் இலக்கியக் குழுக்களும் இதனைச் சிந்திக்கட்டும்.

இனி இரண்டாவது கூட்டத்தாரிடம் வருவோம். “இதெல்லாம் எங்கள் நூல்களில் முன்பே சொல்லப்பட்டதுதான்” என்பவர்கள் இவர்கள். எந்த ஒரு சமயத்தவரையும் தனியே சுட்ட வேண்டியதில்லை. எல்லாரிடமும் இவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டான் உழைத்துக் கண்டறிந்த மறுநாள், இவர்கள் ஏட்டைப் புரட்டுகிறார்கள். முதல்நாள் ஏன் புரட்டவில்லை? தமிழ்ப் பண்டிதர் சிலரும் இதில் பின்னிற்பதில்லை. சூரியனின் செலவையும் வானவெளியின் அளவையும் நேரிற் சென்று கண்டவர்போல் உரைப்பவர் உண்டு என்று புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகிறார். வானத்தைக் கணித்தோர் அன்றும் இருந்தனர் என்பதற்கு அது சான்று. அந்தப் பெருமை நமக்குப் போதும். அதற்குள் பெருவெடிப்பைத் திணிப்பது பாட்டுக்கும் பங்கம், விஞ்ஞானத்துக்கும் பங்கம்.

1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் விரியும் பிரபஞ்சக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசினார். அதை விரும்பாதவர் யார் தெரியுமா? அக்கொள்கையின் தந்தையும் பாதிரியாருமான லெமைத்தரே. தம் சமன்பாடு மாறினால் சமயமும் ஆடிப்போக வேண்டுமா என்பது அவருக்கு விளங்கியிருந்தது. நிலையானது என்று ஒருவர் நம்புவதை, திருத்தத்துக்கு உட்பட்ட ஒன்றோடு முடிச்சுப் போடுகிறவர் தம் நம்பிக்கையையே பணயம் வைக்கிறார்.

முற்போக்காளர் என்று நெஞ்சு நிமிர்த்துவோரும் தப்ப முடியாது. அதே கொள்கையைச் சோவியத் நாட்டில் 1940களின் பிற்பகுதியில் கருத்துமுதல்வாதம் என்று தூற்றினார்கள். விரியும் பிரபஞ்சத்தை முதலில் கணித்த பிரீட்மன் பெத்ரோகிராதில் இருந்தே அதை எழுதியவர்! ரோமாபுரி தன் சித்தாந்தத்துக்கு ஆதரவு என்று தழுவியது. மொஸ்கோ தன் சித்தாந்தத்துக்கு எதிர் என்று உதறியது. இருவரும் செய்த தவறு ஒன்றே. ஒளியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதினார்கள். பிற்போக்கை எதிர்க்கும் நாம் நம் வீட்டுப் பிற்போக்கையும் பெயர் சொல்லிக் கண்டிக்காவிட்டால் நமது சொல்லுக்கு மதிப்பேது?

மூன்றாவது கூட்டத்தார் மிகவும் மரியாதையானவர்கள். “விஞ்ஞானம் தமிழில் சரிப்படாது, இலக்கியகாரருக்கு அது தேவையுமில்லை” என்பது இவர்களின் தீர்ப்பு. நர்லிகரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் உலகப் புகழ்பெற்ற அந்த விஞ்ஞானி, தம் தாய்மொழியாகிய மராத்தியில் விஞ்ஞானக் கதைகளும் கட்டுரைகளும் எழுதிக் குவித்தார். மராத்தியில் எழுதிய தன் வரலாற்றுக்கு 2014இல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்றார். மராத்திக்கு இயன்றது தமிழுக்கு ஏன் இயலாது? தொலைவு போவானேன்! நமக்கு வடக்கே, நிந்தவூருக்கு அப்பால், காரைதீவிற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர், பின் தமிழ்ப் பேராசிரியர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் ஆராய்ந்தார். இந்த மண் இரண்டையும் ஒருசேரப் பயின்ற மனிதரைத் தந்திருக்கிறது. அவருக்குச் சிலை வைக்கிறோம், விழா எடுக்கிறோம், அவர் வழியில் ஓரடி வைக்க மட்டும் மறுக்கிறோம்.

வகுப்பறையில் நடப்பதென்ன? உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவன் அலைநீளச் சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுகிறான். கடந்த ஆண்டு வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்கிறான். பெற்றோர் வைத்தியரையும் பொறியியலாளரையும் எதிர்பார்க்கிறார்கள். ரியூசன் வகுப்புகள் புள்ளிகளை விற்கின்றன. கலைப்பிரிவு மாணவனுக்கோ வானமே இல்லை. இந்தப் பிள்ளை நாளை, பெருவெடிப்புப் பொய்த்துவிட்டது என்று எவனோ பரப்பும் செய்தியைக் கண்டால் என்ன செய்வான்? இது கற்பனை அன்று. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதற் படங்கள் வெளிவந்தபோது அந்தப் புரளி உலகெங்கும் பரவியது. நடந்தது என்ன? எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான மண்டலங்கள் மிகத் தொலைவில் தென்பட்டன. 2024இல் அறிவிக்கப்பட்ட ஒன்றின் ஒளி, பிரபஞ்சத்துக்கு 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தில் புறப்பட்டது. முதல் மண்டலங்கள் எவ்வளவு விரைவாக உருவாயின என்ற கணக்கு திருத்தப்படுகிறது; பிரபஞ்சம் விரிகிறது என்பதும், அது ஒரு காலத்தில் வெம்மையாய் நெருங்கிக் கிடந்தது என்பதும் அசையவில்லை.

அசையும் இடங்களும் உண்டு. அவற்றையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். 1998இல் தொலைதூரத்து வெடிமீன்களின் ஒளி, விரிவு மேலும் விரைவடைகிறது என்று காட்டியது. காரணத்துக்குக் ‘கரும் ஆற்றல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, விளக்கம் இன்னும் இல்லை. விரிவின் வீதத்தைப் பழைய நுண்ணலையிலிருந்து கணித்தால் ஏறத்தாழ 67 என்றும், அருகிலுள்ள மண்டலங்களிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 73 என்றும் வருகிறது. இந்த இடைவெளிக்கு இன்னும் முடிவான விடை இல்லை. உறுதியானது எது, உறுதியாகாதது எது என்று பிரித்தறியக் கற்றவனை எந்தப் புரளியும் அசைக்காது. அப்படிக் கற்காதவன் வானத்தைப் பற்றிய புரளிக்கு மட்டுமல்ல, அயலூரானைப் பற்றிய புரளிக்கும் இரையாவான். “யார் கண்டது? எங்கே கண்டது? அளந்தது எப்படி?” என்று கேட்கத் தெரியாத கூட்டம் எதற்கெல்லாம் தூண்டப்படும் என்பதை இந்த நாட்டின் அண்மைக்கால வரலாறு நமக்குப் போதிய அளவு காட்டியிருக்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் எளியவை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஒவ்வொரு பெரிய பாடசாலையிலும் சிறிய தொலைநோக்கி ஒன்றேனும் இருக்க வேண்டும். அது அதிபரின் அலுமாரிக்குள் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். அரியம் ஒன்றை வெயிலில் பிடித்து நிறமாலையைக் காட்டாமல் எந்த ஆசிரியரும் ஒளிப் பாடத்தை முடிக்கக்கூடாது. ஆசிரியரைப் பயிற்றும் கல்லூரி நமது ஊரிலேயே இருக்கிறது. ஒலுவிலில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அவற்றின் விரிவுரையாளர்கள் மாதம் ஒருமுறையேனும் மக்கள்முன் தமிழிற் பேச வேண்டும். இலக்கியச் சஞ்சிகைகள் கவியரங்கச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டையேனும் இதற்கு ஒதுக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பெரும்பணமும் வேண்டியதில்லை.

தமிழாசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாணவன் எழுந்து, “சேர், இது வெறும் கொள்கைதானே?” என்று கேட்டால், அவனை உட்காரச் சொல்லாதீர்கள். “ஆம், கொள்கைதான், அதற்கு என்ன சாட்சி என்று இனி நாம் விசாரிப்போம்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குங்கள்.